வீடு பார்க்க வாறவங்க பார்க்காத சுவர்

எங்கட பக்கம் வீடுகளைப் பரிசோதிக்க ஆரும் வாறதில்லை என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். வாறாங்க. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு, ஒரு வேன் நிறைய, கையில கேக் பெட்டியோட வாறாங்க. மாப்பிள்ளை வீட்டார்.

முன்வாசல் தொடங்கி குசினி வரைக்கும் அவங்கட கண் போகும். டைல்ஸ் எதுவரைக்கும் பதிச்சிருக்கு, பாத்ரூம் அறையோட சேர்ந்திருக்கா, மேல்மாடி எழுப்பினால் அத்திவாரம் தாங்குமா, காணி எத்தனை பேர்ச், உறுதி யார் பேரில இருக்கு. மாமிமார் அலுமாரியைத் தட்டிப் பார்ப்பாங்க, தேக்கா இல்லையா என்று. ஆனா அந்த அலுமாரியை ஒரு அடி முன்னால இழுத்து, பின்னால உள்ள சுவரைப் பார்த்த ஒரு மாமியை நாங்கள் இதுவரைக்கும் காணல்ல. அறைக்குள்ள போய் ஜன்னலைத் திறந்து, காத்து வருதா என்று பார்த்த ஒரு மாமாவையும் காணல்ல.

நாங்கள் எழுதப்போறது அந்த அலுமாரிக்குப் பின்னால உள்ள சுவரைப் பற்றி.

முதல்ல நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறோம். மூன்று பேர். மூன்று பேரும் ஒலுவில்ல, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலை கலாசார பீடம். காலையில கல்முனைப் பக்கமிருந்து ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் திரும்புறோம். மூன்று பேருக்கும் வீட்டில் அக்கா தங்கச்சி இருக்கு. அதனால மூன்று பேர் வீட்டிலயும் ஏதோ ஒரு மூலையில சீமெந்து மூட்டை அடுக்கிக் கிடக்கு.

ஏன் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறோம். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று, பொத்துவில் வரைக்கும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிச்சால் மாப்பிள்ளைதான் எங்கட வீட்டுக்கு வந்து இருப்பார். பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் இந்த வழக்கம் இருக்கு. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களின் கடைசியில் அக்கரைப்பற்றுக்கு வந்து, தாய்வழிக் குடி, சீதன வீடு எல்லாவற்றையும் பற்றி ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து 2008இல் பெரிய புத்தகமே வெளியிட்டார். தான் பிறந்து வளர்ந்த ஊரில், தன்ட உம்மாவுக்குப் பக்கத்தில், தன்ட பேரில் உள்ள வீட்டில் ஒரு பொம்பிள வாழுறது சின்ன விசயம் இல்ல. அதில் எங்களுக்குப் பெருமைதான்.

ஆனா ஒரு கணக்கு இருக்கு. இருபது பேர்ச் வளவு, மூன்று பெண்பிள்ளை என்றால் மூன்று வீடு. முதல் மகளுக்கு முன்வளவில் வீடு கட்டும்போது நாலு பக்கமும் ஜன்னல் வைக்கலாம். ரெண்டாவது மகளுக்குக் கட்டும்போது ஒரு பக்கம் மூடும். மூன்றாவது வீடு எழும்பும்போது இன்னொரு பக்கமும் மூடும். ஒவ்வொரு தங்கச்சிட கலியாணமும் ராத்தாட ஜன்னல் ஒன்றைச் சாப்பிட்டுட்டுத்தான் நடக்குது.

*

ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் அதுக்குப் பேர் பங்கசு. வீட்டில் பூஞ்சணம். பரீட்சையில் பங்கசைப் பற்றி எழுதிப் புள்ளி எடுத்த நாங்கள், வீட்டுச் சுவரில் கறுப்புப் புள்ளியாகப் பூத்துக் கிடக்கிறதும் அதேதான் என்று யோசிக்கவில்லை.

அதோட வித்துக்கள் எல்லா இடத்துக் காத்திலயும் இருக்கு. துணி, கடதாசி, பலகை, சுவரில் படிஞ்ச தூசி, எதுவும் அதுக்குச் சாப்பாடுதான். தேவைப்படுறது ஈரம் மட்டும். நனைஞ்ச சாமான் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள்ள காயாவிட்டால் அது முளைக்கத் தொடங்கிவிடும். வீட்டுக்குள்ள காத்தின் ஈரப்பதன் 60 வீதத்துக்குக் கீழே இருக்க வேணும் என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் சொல்லுது. எங்கட மாரி காலத்தில் வெளியில வீசுற வாடைக்காத்தே அந்த அளவைத் தாண்டித்தான் வருது. ஆகவே எங்களுக்கு வாய்த்த ஒரே மருந்து, மழை விட்ட நேரம் காத்து ஓடுறதும் வெயில் படுறதும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காத்து வந்து சுவரை உலர்த்தும். உலர்த்த ஜன்னல் இருந்தால்.

இடமும் ஒரு காரணம். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் பிரதான வீதி. இந்த ஒடுக்கமான துண்டுக்குள்ளதான் ஊர்கள் ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடக்கு. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேலான உயிர்கள் போயின. கரையோரம் இருந்த சீதன வீடுகளும் போயின. பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அறிவிச்சாங்க. பின்னர் அந்தத் தூரத்தைக் குறைச்சாங்க. ஆனா அந்தக் கால இடைவெளியில் சனம் உள்பக்கம் நெருங்கியது. ஒரு வளவுக்குள் ரெண்டு குடும்பம், மூன்று குடும்பம். வயலோரப் பள்ளத்தை மண் போட்டு நிரப்பி வீடு கட்டினால் கீழேயிருந்து ஓதம் சுவரில் ஏறும். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்காகக் கட்டின 500 வீடுகள், யாருக்குக் குடுக்கிறது என்ற வழக்கிலும் அரசியலிலும் சிக்கி, பத்து வருசத்துக்கும் மேலாக ஆள் குடியேறாமல் காடு பத்திக் கிடந்ததும் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஒரு பக்கம் ஆள் இல்லாத வீடு, மறுபக்கம் மூச்சு விட இடமில்லாத வீடு.

பூஞ்சணத்துக்கு எங்கட ஊர் வைத்தியம் ஒன்று இருக்கு. பெயின்ட். பொண்ணுப் பார்க்க வாற கிழமைக்கு முந்தின கிழமை ஹாட்வெயார் கடைக்குப் போய் ஒரு வாளி வாங்குவாங்க. கார்த்திகையில் பூத்தது தை மாசம் பெயின்ட்டுக்குள்ள போகும். அடுத்த கார்த்திகையில் பெயின்ட்டைக் கொப்பளமாகத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வருசா வருசம் அதைக் காண்றது அந்த வீட்டுப் பொம்பிளதான். மற்ற ஆக்கள் கலியாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டுப் போயிருப்பாங்க.

*

எங்களில் ஒருத்தியின் மாமா கட்டாரில் கட்டடப் பராமரிப்புக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறார். போன மாரியில் லீவில் வந்தபோது சொக்லேட், வாசனைத் தைலத்தோட ஒரு மஞ்சள் நிறச் சின்ன மெசினும் கொண்டு வந்திருந்தார். முன்னால ரெண்டு ஊசி. சுவரில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று காட்டும். அங்கத்தைய வில்லாக்களில் ஏசித் தண்ணி கசிஞ்சு பூஞ்சணம் பிடிச்சால் இவங்களைக் கூப்பிடுவாங்களாம். இந்த மீற்றர், சுவரின் குளிர்ச்சியைப் படமாகக் காட்டுற கெமரா, காத்தை உறிஞ்சி ஒரு சின்னக் கூட்டில் பிடிக்கிற பம்ப் எல்லாம் கொண்டு போவாங்களாம். அந்தக் கூட்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் நுணுக்குக்காட்டியில் வித்துக்களை எண்ணி, வெளிக்காத்தில் எடுத்த எண்ணிக்கையோட ஒப்பிட்டு அறிக்கை தருவாங்க.

"அப்ப இது ஒரு தொழிலா மாமா?"

"தொழில்தான் மகள். நல்ல காசு."

புதுத் தொழிலும் இல்ல. பைபிளின் லேவியராகமத்தில் இதுக்கு ஒரு முழு நடைமுறையே இருக்கு. வீட்டுச் சுவரில் பச்சையாக அல்லது சிவப்பாகக் கறை கண்டால் வீட்டுக்காரன் மதகுருவுக்கு அறிவிக்க வேணும். அவர் வாறதுக்கு முதல் சாமானை எல்லாம் வெளியே எடுக்க வேணும். அவர் பார்த்துவிட்டு வீட்டை ஏழு நாள் பூட்டுவார். திரும்பி வந்து பார்க்கும்போது கறை பரவியிருந்தால் அந்தக் கல்லைப் பிடுங்கி, சாந்தைச் சுரண்டி ஊருக்கு வெளியே கொட்டி, வேறு கல் வைத்துப் பூச வேணும். அதுக்குப் பிறகும் வந்தால் வீட்டை இடிக்க வேணும். அது பூஞ்சணமாகத்தான் இருக்கும் என்று பலர் கருதுறாங்க. அந்த நடைமுறையில் பெயின்ட் என்ற பேச்சே இல்ல.

மாமாவின் மெசினை முதலில் குத்தினது ராத்தாட அறையில். எங்களில் அந்த ஒருத்தியின் ராத்தா. கலியாணம் முடிச்சு ஆறு வருசம், நாலு வயசில் ஒரு மகன். ஒவ்வொரு மாரிக்கும் பிள்ளைக்கு முட்டு. இரவில் ரெண்டு பேர் முறை வைத்துத் தூக்கிக்கொண்டு நடப்பாங்க. டொக்டர் பூனை இருக்கா, நுளம்புச்சுருள் கொளுத்துறதா என்று கேட்டிருக்கார். பூனையும் இல்ல, சுருளும் இல்ல. சுவரைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவங்களும் சொல்லவில்லை. மாமியார் ராத்தாவைப் பற்றிச் சொல்றது ஒரே வசனம்: "வீட்டத் துடைச்சி வெச்சிக்கத் தெரியாத புள்ள." ராத்தா ஒவ்வொரு வெள்ளியும் குளோரக்ஸ் போட்டு அந்தச் சுவரை உரஞ்சுவா. கை தோல் உரிஞ்சு கிடக்கும். சாந்துச் சுவருக்குள்ள இறங்கிப்போன பூஞ்சணத்தை மேலால உரஞ்சி எடுக்க ஏலாது என்று அவவுக்கு ஆரும் சொல்லவில்லை.

மாமா மெசினைக் குத்தினார். சிவப்பு லைட், கீச்சுச் சத்தம். பக்கத்துச் சுவரில் குத்தினார். அங்கயும் சிவப்பு. மேற்குப் பக்கம், பின்னேரம் வெயில் காயுற வெளிச்சுவரில் குத்தினார். அங்கயும் சிவப்பு. வீடு முழுக்க ஈரம் என்று சொல்லுது மெசின். மாமா தலையைச் சொறிஞ்சார். "டோஹாவுல இப்படிக் காட்டல்லயே."

விடை சொன்னது பக்கத்து வீட்டில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த மேசன் காக்கா. வந்தார், நகத்தால சுவரைச் சுரண்டினார், விரலை நாக்கில வைத்தார். "உப்பு மருமகன். இந்த மண் ஆர் கொண்டு வந்த?"

கடற்கரை மண்ணில் குழைத்த சாந்து. ஊசி மீற்றர் ரெண்டு ஊசிக்கும் நடுவில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுது என்று பார்த்துத்தான் ஈரத்தைக் கணிக்குது. உப்பு இருந்தால் கொஞ்ச ஈரத்திலயே மின்சாரம் நல்லா ஓடும், மெசினும் கூடுதலாகக் காட்டும். கட்டாரில் சரியாக வேலை செய்த மெசினை எங்கட கடல் ஏமாத்திப்போட்டுது.

அதுக்குப் பிறகு நடந்த பரிசோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. நீங்களும் செய்து பார்க்கலாம் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது உப்பா பூஞ்சணமா என்று பார்க்கத் தண்ணி தெளித்தோம். உப்பு கரைஞ்சு போகும். பூஞ்சணம் கரையாது. கறுப்புப் புள்ளி அழுக்கா பூஞ்சணமா என்று பார்க்க ஒரு சொட்டு குளோரக்ஸ். பூஞ்சணம் என்றால் கொஞ்ச நேரத்தில் வெளிறும். அழுக்கு அப்படியே இருக்கும். பிறகு பொலித்தீன் துண்டுகளை நாலு சுவரிலயும், நாலு விளிம்பும் இறுக்கமாக டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விட்டோம். பொலித்தீனின் வெளிப்பக்கம் நனைஞ்சிருந்தால் ஈரம் அறைக் காத்தில் இருக்கு. சுவர்ப் பக்கம் நனைஞ்சிருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயிருந்து வருது.

ரெண்டாம் நாள் பார்த்தோம். மூன்று பொலித்தீன் ஏறக்குறைய காய்ஞ்சு கிடந்தது. வடக்குச் சுவரில் ஒட்டினதில் மட்டும் சுவர்ப் பக்கம் துளித்துளியாகத் தண்ணி. அந்தச் சுவருக்கு முன்னாலதான் அலுமாரி. அலுமாரிக்குள்ளதான் ராத்தாட கலியாணச் சாரி. அதைத் திறந்தபோது வந்த வாடையை நாங்கள் எழுதப்போறதில்லை. உங்கட வீட்டு அலுமாரியைத் திறந்தால் தெரியும்.

சுவருக்கு மறுபக்கம் என்ன? முன்னொரு காலம் அது வெறும் வளவு. அந்தச் சுவரில் ஒரு ஜன்னலும் இருந்தது. இப்ப அங்க ரெண்டாவது மகளுக்கான வீடு பாதி எழும்பி நிற்குது. உம்மா வாப்பாவும் தங்கச்சிமாரும் அதிலதான் இருக்காங்க. ஜன்னலைக் கல் வைத்து அடைச்சு, அதோட ஒட்டினாப்போல புது வீட்டின் அட்டாச் பாத்ரூம். ஒரு கிழமைக்கு அந்தப் பாத்ரூமைப் பாவிக்காமல் பூட்டி வைத்தோம். திரும்ப ஒட்டின பொலித்தீனில் துளிகள் நல்லாக் குறைஞ்சிருந்தது. தரைக்கும் சுவருக்கும் பொருந்துற மூலையால தண்ணி இறங்குது என்று மேசன் காக்கா உடைச்சுக் காட்டினார்.

ரெண்டாவது மகள் என்று சொன்னோமே, அவதான் எங்களில் ஒருத்தி. அந்தப் பாத்ரூம் அவட சீதனம்.

*

ஆய்வுகூடத்துக்குக் காத்தை அனுப்பியிருந்தால் என்ன தெரிஞ்சிருக்கும் என்று நாங்கள் பிறகு தேடிப் படிச்சோம். பெரிசாக ஒன்றும் இல்ல. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமே, கண்ணுக்குப் பூஞ்சணம் தெரிஞ்சால் பெரும்பாலும் மாதிரி எடுத்துச் சோதிக்கத் தேவையில்லை என்று சொல்லுது. எத்தனை வித்து இருந்தால் ஆபத்து என்று ஒரு எல்லையும் அங்க சட்டத்தில் இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியும் அப்படி ஒரு எண்ணைச் சொல்ல ஏலாது என்றுதான் சொல்லுது. அது உறுதியாகச் சொல்றது ரெண்டு விசயம்: ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் சுவாச நோய்களும் முட்டும் கூடுது, ஈரத்தை நிறுத்துறதுதான் வழி. கத்ரினா புயலுக்குப் பிறகு 2005இல் நியூ ஓர்லியன்ஸ் பகுதியில் 112 வீடுகளுக்குள்ள ஆட்கள் போய்ப் பார்த்ததில் 51 வீட்டில் கண்ணுக்குத் தெரியுற பூஞ்சணம், 19 வீட்டில் கடுமையாக. அங்கயும் முதல் கருவி கண்தான்.

இன்னொரு விசயமும் எங்களுக்குப் பிடிச்சிருந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் பூஞ்சணம் பரிசோதிக்கிறவருக்கு லைசன்ஸ் வேணும். பரிசோதிக்கிற கம்பனியே அதே வீட்டைத் திருத்துற வேலையையும் எடுக்கக் கூடாது. எடுத்தால், திருத்துற காசுக்காக இல்லாத பூஞ்சணத்தையும் கண்டுபிடிப்பாங்க என்ற பயம். எங்கட ஊரில் இந்தத் தொழிலுக்குப் போர்ட் போட்ட ஒரு கடையையும் நாங்கள் காணல்ல. சுவரைக் காட்டி ஆலோசனை கேட்கிறதே பெயின்ட் விற்கிற கடையிலதான். அவர் பெயின்ட் என்றுதான் சொல்லுவார். பிழை சொல்லவும் ஏலாது.

ஆனா எங்களை ரெண்டு நாள் தூங்கவிடாத கதை இங்கிலாந்துக் கதை. ரொச்டேல் என்ற ஊரில் சூடானிலிருந்து போன ஒரு குடும்பம். ஒரு அறை உள்ள சமூக வீடு. சுவரில் பூஞ்சணம் என்று வாப்பா 2017இலேயே முறையிடுறார். மேலால பெயின்ட் அடிக்கச் சொல்றாங்க. பிறகு பிள்ளை பிறக்குது, அவாப் இஷாக். முறைப்பாடு தொடருது. 2020 டிசம்பரில், ரெண்டு வயசு நிரம்பிச் சில நாளில், பிள்ளை மவ்த்தாகுது. வீட்டுப் பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த கடுமையான சுவாச நோய்தான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். வீட்டை நிர்வகித்த சங்கம் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று ஊகித்ததை ஒத்துக்கொண்டது. அவங்க குளிக்கிற முறையைப் பற்றிய ஊகங்கள்கூட வெளியே வந்தன. இப்ப அங்க அவாப் பேரிலேயே சட்டம் இருக்கு. 2025 ஒக்டோபர் 27 தொடக்கம், சமூக வீடுகளில் அவசர ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேணும். கடுமையான ஈரம், பூஞ்சணம் என்றால் முறைப்பாடு கிடைச்சு 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேணும்.

ராத்தாட மகனின் முட்டுக்கு அந்தச் சுவர்தான் காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. முட்டுக்குப் பல காரணம். ஆனா ரொச்டேல் கதையை வாசிச்சபோது எங்கட காதில் கேட்டது ராத்தாட மாமியாரின் குரல். சுவரில் கறை வந்தால் முதலில் விசாரிக்கப்படுறது சுவர் இல்ல, அந்த வீட்டில் இருக்கிற ஆள். அங்க வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பம், இங்க வீட்டுப் பொம்பிள. "எப்படிக் குளிக்கிறீங்க", "எப்படித் துடைக்கிறீங்க" என்றுதான் கேள்வி. தண்ணி எங்கேயிருந்து வருது என்று ஆரும் கேட்கிறதில்லை.

*

சட்டம் என்று பார்த்தால் இங்கயும் இல்லாமல் இல்ல. நுளம்பு பெருக விட்டால் 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வழக்கு வரும். அதனால பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பின்வளவு வரைக்கும் வந்து சிரட்டையைக் கவிழ்த்துப் பார்ப்பார். மனிசர் குடியிருக்கத் தகுதியில்லாத வீட்டைப் பற்றிப் பேசுற வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915இல் வந்தது. ஆனா இந்தச் சட்டங்கள் எதையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்ட எங்களுக்கு ஒரு கதவு இல்ல. அவாப் குடும்பத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு வீட்டுச் சங்கம் இருந்தது. எங்களுக்கு எதிர்ப்பக்கம் வாப்பா. பதினாலு வருசம் சவூதியில் லொறி ஓட்டி, தன்ட ரெண்டு முழங்காலையும் குடுத்து இந்தக் கல்லை அடுக்கின வாப்பா. அவருக்கு எதிராக ஆர் மனுக் குடுக்கிற?

ஆகவே பேச்சுத்தான். அது நடந்தது இஷாவுக்குப் பிறகு, புது வீட்டின் பூசாத விறாந்தையில. எங்களில் ஒருத்தி சொன்னது இதுதான்: மூலையைத் திருத்தினால் கசிவு நிற்கும். ஆனா ராத்தாட அறைக்குக் காத்து வராது. பாத்ரூமை உடைச்சு மறுபக்கம் வைப்போம். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் வானம் தெரிய மூன்று அடி விடுவோம். ராத்தாட ஜன்னலைத் திரும்பத் திறப்போம். தன்ட அறை சின்னதாகும், அட்டாச் பாத்ரூம் இருக்காது, பரவாயில்லை.

வாப்பா கனநேரம் பேசல்ல. பிறகு, "அட்டாச் பாத்ரூம் இல்லாத வீட்டுக்கு ஆர் மகள் வருவாங்க? அவங்க பார்க்கிறதே அதத்தானே."

"பாத்ரூமையா வாப்பா கலியாணம் முடிக்க வாறாங்க?"

உம்மா சிரிச்சுட்டா. வாப்பா சிரிக்கல்ல. அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. பெரிய அறையும் அட்டாச் பாத்ரூமும் இருந்தால் மகளை ஆரும் குறை சொல்ல மாட்டாங்க என்று அவர் நம்புறார். அதுக்காகத்தான் பதினாலு வருசம். இப்ப அந்த வேலையில் ஒரு பகுதியை உடைக்கச் சொல்லி மகளே கேட்கிறா. இன்னொரு பக்கம், ராத்தாவும் அவர் மகள்தான். முன்வளவு வீடும் அவர் கட்டினதுதான். அந்த ஜன்னலை வைச்சதும் அவர், அடைச்சதும் அவர்.

ராத்தா இந்தப் பேச்சில் ஒரே ஒருதரம்தான் வாய் திறந்தா. "எனக்காக ஒண்டும் உடைக்க வேணாம். புள்ளய நான் ஹோலுல படுக்க வைக்கிறன்." தங்கச்சிட கலியாணத்துக்குத் தான் தடையாகிவிடுவேனோ என்ற பயம். அவவுக்கு நாங்கள் சொன்ன பதிலையே இங்கயும் எழுதுறோம், ஏனென்றால் உங்கட வீட்டு ராத்தாவும் இதையேதான் சொல்லுவா: காத்து என்பது ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு விட்டுக்குடுக்கிற பங்கு இல்ல. மூன்று அடி விட்டால் ரெண்டு வீட்டுக்கும்தான் காத்து. புது வீட்டின் வடக்கில் நாளைக்கு மூன்றாவது தங்கச்சிட சுவர் எழும்பும். அப்ப அடைபடப்போறது அட்டாச் பாத்ரூம் உள்ள அந்தப் பெரிய அறைதான்.

இந்தக் கடைசி வசனம்தான் வாப்பாவைக் கொஞ்சம் அசைச்சதாகத் தெரிஞ்சது. அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு வளவில் தனியாக நின்று காலால அடி அளந்துகொண்டிருந்தாராம்.

இது எழுதுற வரைக்கும் தீர்மானம் ஆகல்ல. கசியுற மூலை திருத்தியாச்சு. பிள்ளை ஹோலில் படுக்குது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைச்சிருக்கு. பூஞ்சணம் பிடிச்ச சாந்தை மூக்கு வாய் மூடி, ஜன்னல் கதவெல்லாம் திறந்து, பிள்ளையை மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சுரண்டி எடுத்தாங்க. வெயில் வந்து காயும் வரைக்கும் பெயின்ட் அடிக்கிறதில்லை என்பதில் ராத்தா உறுதியாக இருக்கா. அறைக்குள்ள வாறவங்க கண்ணில் அந்த வெறும் சுவர் படும். படட்டும் என்கிறா. அது எங்களுக்குப் பெரிய விசயமாகத் தெரியுது.

இதை வாசிக்கிற உங்களில் பலபேரின் வீட்டில் இப்பத்தான் பிளான் கீறுவாங்க, அல்லது நூல் கட்டுவாங்க. அது உங்கட பேரில் எழுதப்போற வீடு. நூல் கட்டுற நாளில் நீங்களும் போய் நில்லுங்க. பக்கத்துக் காணியில் நாளைக்கு ஒரு வீடு வந்தால் இந்த அறைக்குக் காத்து எந்தப் பக்கத்தால வரும் என்று கேளுங்க. பாத்ரூமின் மறுபக்கம் ஆர் தலைவைத்துப் படுக்கப்போறா என்று கேளுங்க. மண் எங்கேயிருந்து வருது என்று கேளுங்க. மேசன் காக்கா மாதிரி நாக்கில வைத்துப் பார்த்தாலும் குற்றமில்லை. வீடு பார்க்க வாற மாமியிடம், அலுமாரியைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க மாமி என்று சொல்லவும் ஒருத்தி வேணும். அவ வாய்க்காரி என்று பேர் எடுப்பா. எங்களில் ஒருத்தி அந்தப் பேரை எடுக்கத் தயாராகத்தான் இருக்கா.

நோன்புப் பெருநாள் முடிஞ்சு அடுத்த லோட் கல் வருதாம். அது வந்து இறங்குறதுக்கு முதல் அந்த மூன்று அடி எங்க போகும் என்று வாப்பா சொல்லியாக வேணும்.